மூலம் என்றுதான் நானும் நினைத்தேன்

குடியாத்தம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்துச் செய்தியைச் சிரித்துக்கொண்டே படித்து வந்தவன், கடைசியில் நீ போகிறபோக்கில் எழுதியிருந்த வரியில் நின்றுவிட்டேன். மூலம் மறுபடி தொந்தரவு செய்கிறது, இரத்தம் போகிறது, நாட்டு மருந்து சாப்பிடுகிறேன் என்கிறாய். அந்த வரிக்காகத்தான் இந்த இரவிலேயே எழுத உட்கார்ந்தேன்.

எட்டு மாதம் நானும் அப்படித்தான் இருந்தேன். இங்கே ஒரு மருத்துவர் சோதித்துக்கூடப் பார்க்காமல் களிம்பு எழுதித் தந்தார். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. மகள்தான் பிடிவாதமாக வேலூருக்கு அழைத்துப் போனாள். பெருங்குடலின் கடைசி வளைவில், ஒன்றரை சென்டிமீட்டரில் ஒரு கட்டி இருந்தது.

வயிற்றைக் கிழிப்பார்கள் என்று நடுங்கினேன். வயிற்றின் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பிருந்தே விதையுள்ள காய் கூடாது என்றார்கள். இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய்க் குழம்பைத் தொடவில்லை. முதல் நாள் மாலை உப்புக் கரிக்கும் மருந்துத் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். உண்மையில் அதுதான் பெரும்பாடு. ஆற்காடு சாலை விடுதியில், பக்கத்து அறைகளிலிருந்து இந்தியும் வங்காளமும் கேட்டுக்கொண்டிருக்க, கட்டிலுக்கும் கழிவறைக்குமாக அந்த இரவு போயிற்று.

மறுநாள் லேசான மயக்க ஊசி. நுனியில் கேமரா வைத்த எண்டோஸ்கோபிக் குழாய் ஆசனவாய் வழியாகக் குடலுக்குள் போவதை அரைத் தூக்கத்தில் திரையில் பார்த்தேன். கட்டிக்கு அடியில் ஊசியால் நீலம் கலந்த நீரைச் செலுத்தினார்கள். எண்ணெயில் பூரி உப்புவதுபோல் சவ்வு கட்டியோடு மேலே எழும்பியது. அந்த நீர் மெத்தையாக நிற்பதால் அடியிலுள்ள தசையில் சூடு படாது, குடல் ஓட்டையாகும் ஆபத்து குறையும் என்று மருத்துவர் பின்னர் விளக்கினார். ஆழமாக ஊன்றிய புற்று பெரும்பாலும் அப்படி எழும்பாதாம். பிறகு கம்பிச் சுருக்கை மாட்டி, இறுக்கி, மின்சாரம் பாய்ச்சி அறுத்தார்கள். புண்ணின் வாயைச் சிறு கிளிப்புகளால் மூடினார்கள். எனக்கு வலியே தெரியவில்லை. கட்டி இன்னும் அகலமாக இருந்தால், ஜப்பானியர் வளர்த்தெடுத்த முறையில் நுண்கத்தியால் அடியோடு உரித்து ஒரே துண்டாக எடுப்பார்களாம். இரைப்பையில் தொடக்க நிலைப் புற்றையே அப்படி எடுக்கிறார்கள்.

பரிசோதனை முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. செல்கள் புற்றாக மாறும் வழியில் இருந்தன, ஆனால் வெட்டிய விளிம்பு சுத்தம் என்றார்கள். 3 ஆண்டு கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

உன் அண்ணனைக் குடல் புற்றுக்குத்தானே பறிகொடுத்தோம்? கூடப் பிறந்தவருக்கு வந்திருந்தால் நமக்கும் வாய்ப்பு கூடுதல். உன்னுடையது வெறும் மூலமாகவே இருக்கட்டும், ஆனால் குழாய் விட்டுப் பார்த்த பிறகு அதை நம்புவோம். வெட்கப்படாதே. இதயத்துக்காக இரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறாய் அல்லவா, அதை நீயாக நிறுத்திவிடாதே. சீட்டை எடுத்து வந்து மருத்துவரிடம் முதலில் காட்டு.

எந்த ரயில் என்று எழுது. காட்பாடியில் வந்து நிற்கிறேன்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்