படகிலிருந்து ஆரம்பி

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் யாட் கிளப்பின், அதாவது பாய்மரப் படகு கிளப்பின், வரலாற்றை எழுதும் வேலை உன்னிடம் வந்திருக்கிறது என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. கூடவே ஒரு கவலை. இந்த மாதிரிப் புத்தகங்களில் முக்கால்வாசி, தலைவர்களின் பெயர்ப்பட்டியலும் கட்டடத் திறப்பு விழாவுமாகவே முடிந்துவிடும். படகுகள் நடுவே நாலு கறுப்பு வெள்ளைப் படங்களாக வந்துபோகும். நீ படகிலிருந்து ஆரம்பி. எந்த ரகப் படகு எந்த ஆண்டு வந்தது, ஏன் வந்தது, யார் ஓட்டினார்கள், ஏன் போனது? இதற்கெல்லாம் பதில் கிடைத்துவிட்டால், கிளப்பில் பணம் யாரிடம் இருந்தது, கதவு யாருக்குத் திறந்தது என்பதும் தானாகத் தெரிந்துவிடும். நியூயார்க் யாட் கிளப் 1844 ஜூலை 30 அன்று தொடங்கியதே ஒரு படகின் மேல்தளத்தில்தான். ஜான் காக்ஸ் ஸ்டீவன்ஸின் 'கிம்கிராக்' அது.

பழைய ஏடுகளில் '10 டன் படகு' என்று பார்த்தால், அதை எடை என்று நினைத்துவிடாதே. 1855-இல் ராயல் தேம்ஸ் யாட் கிளப் கொண்டுவந்த கணக்காக இருக்கலாம். நீளத்தில் அகலத்தைக் கழித்து, அகலத்தால் பெருக்கி, அகலத்தின் பாதியால் மறுபடி பெருக்கி, 94-ஆல் வகுக்க வேண்டும். எல்லாம் அடிக் கணக்கு. 40 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள படகுக்கு ஏறக்குறைய 16 டன் வரும். நீளத்தைத் தொடாமல் அகலத்தை மட்டும் 8 அடியாக்கிப் பார், 11 டன்னுக்கும் கீழே இறங்கிவிடும். ஆழமும் பாயின் பரப்பும் கணக்கிலேயே இல்லை. பிறகு கேட்க வேண்டுமா? அகலத்தைக் குறுக்கி, ஆழத்தைக் கூட்டி, அடியில் ஈயத்தைக் கட்டி, மேலே பெரிய பாயை ஏற்றினார்கள். 1880-களின் பிரிட்டிஷ் பந்தயப் படகுகள் அப்படி ஒல்லியாக இருந்ததற்கு இந்தச் சூத்திரம்தான் காரணம். கணக்கு மாறியதும் படகுகளும் அகலமாயின. ஆகவே உங்கள் படங்களில் படகின் உருவம் திடீரென்று மாறினால், அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைத் தேடு.

இந்தச் செலவுப் போட்டிக்கு மாற்றாக வந்ததுதான் ஒரே அச்சில் கட்டும் படகுகள். அயர்லாந்தின் கிங்ஸ்டவுனில், இன்றைய டன் லேரியில், 1887-இல் 'வாட்டர் வாக்' ரகம் வந்தது. எல்லாப் படகும் ஒன்றுபோலவே இருக்க வேண்டும், ஜெயிப்பது ஓட்டுபவரின் திறமையாக இருக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. 1900-இல் அதற்கு 14 அடி 3 அங்குலத்தில் புது வடிவம் வரைந்தவர் படகு கட்டுபவரின் மகள் மேமி டாயில். அந்த வடிவம் இன்றும் அங்கே பந்தயம் ஓடுகிறது. 1947-இல் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் குழந்தைகளுக்காக 'ஆப்டிமிஸ்ட்' வரைந்தபோது, 8 அடிக்கு 4 அடி ப்ளைவுட் இரண்டே தாளில் அடங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார். அதனால்தான் அது 2.3 மீட்டரோடு நின்றது. 1971 தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த 'லேசர்' ஃபைபர் படகு, காரின் கூரையில் ஏற்றிக்கொண்டு போகலாம். என் கணக்கில் கிளப்புகளின் கதவை அகலமாகத் திறந்தவை மலிவான இந்தச் சின்னப் படகுகள்தான். இவை வந்த ஆண்டுக்கு முன்னும் பின்னுமாக ஐந்தைந்து வருட உறுப்பினர் பட்டியலை அருகருகே வைத்துப் பார். புத்தகத்தின் மிக முக்கியமான அத்தியாயம் அங்கே இருக்கும்.

கொட்டகையில் பெயர் தெரியாத மரப்படகு கிடந்தால், டார்ச்சும் டேப்பும் எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கு. முதலில் கட்டியவரின் தகட்டைத் தேடு. பிரிட்டிஷ் முறையில் பதிவான பெரிய படகு என்றால், பதிவு எண்ணைக் குறுக்கு உத்தரத்தில் செதுக்கியிருப்பார்கள். பெயின்ட் அடைத்திருந்தால் சுரண்டாதே. மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் எழும்பி வரும். பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்து, செப்பாணியின் முனை சின்னச் செப்பு வில்லையின் மேல் மடக்கி அடித்திருந்தால், பழைய கைவேலை. நீர் புகாத பசையும் ப்ளைவுட்டும் சேர்ந்து பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. பருத்திப் பாய் போய் டெரிலீன் என்ற செயற்கை இழைப் பாய் வந்தது 1950-களில். ஆனால் ஆணியை மட்டும் வைத்துக் காலம் சொல்லாதே. உப்புத் தண்ணீரில் பித்தளை ஸ்க்ரூவின் துத்தநாகம் கரைந்துபோகும். இளஞ்சிவப்பாகி, திருகினாலே நொறுங்கும். அதனால் நாற்பது, ஐம்பது வருஷப் படகென்றால் ஒருமுறையாவது ஆணி மாற்றியிருக்கலாம். பாயும் அப்படித்தான். லேசரில் பாய் எண்ணும் படகின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது பழைய விதி. ஆனால் பழைய பாய் கைமாறிக்கொண்டே இருக்கும். படகின் முன்முனைக் கொக்கியின் அடியிலோ பின்பலகையிலோ உள்ள எண்ணைத்தான் நம்பு.

பெரிய படகுகளுக்கு லாயிட்ஸ் யாட் பதிவேடு உதவும். 1878 முதல் 1980 வரை அச்சானது, போர்க்காலங்களில் மட்டும் சில ஆண்டுகள் இல்லை. படகின் பழைய பெயர், வடிவமைத்தவர், கட்டியவர், உரிமையாளர் எல்லாம் அதில் கிடைக்கும். பெயரை மட்டும் தேடி நிறுத்திவிடாதே, விற்கும்போது படகுக்குப் பெயர் மாற்றுவது சகஜம். நீளம், அகலம், கட்டிய ஆண்டு மூன்றும் பொருந்துகிறதா என்று பார்.

பந்தய முடிவுத் தாள்களில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஓடிய நேரம் வேறு, சலுகை கழித்த நேரம் வேறு. வெவ்வேறு ரகப் படகுகளைச் சமன்செய்யும் போர்ட்ஸ்மத் யார்ட்ஸ்டிக் முறையில், ஓடிய நேரத்தை 1000-ஆல் பெருக்கி, அந்த ரகத்துக்குக் கொடுத்திருக்கும் எண்ணால் வகுப்பார்கள். எண் 1100 உள்ள படகு 66 நிமிடத்தில் வந்தால் கணக்கில் 60 நிமிடம். எண் 1000 உள்ள படகு 61 நிமிடத்தில் வந்தால் 61-தான். ஐந்து நிமிடம் பிந்தி வந்த படகுக்குத்தான் கோப்பை. செய்தித்தாள் 'முதலில் வந்தது' என்று வேறொரு பெயரைப் போட்டிருந்தால் இரண்டுமே சரியாக இருக்கலாம்.

கோப்பையில் பொறித்ததையும் சோதித்துப் பார். 1851-இல் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி ஓடி, ஸ்டீவன்ஸ் தரப்பின் 'அமெரிக்கா' என்ற படகு வென்றது 100 பவுண்டு கோப்பை. வென்றவர்கள் அதில் '100 கினி' (பவுண்டைவிடச் சற்று அதிக மதிப்புள்ள பழைய பணம்) என்று பொறித்துவிட்டார்கள், அந்தத் தப்பு ஊர் ஊராகப் பரவியது. இன்னொன்று, கோப்பையில் இருப்பது பெரும்பாலும் உரிமையாளரின் பெயர். 'அமெரிக்கா' என்றால் ஸ்டீவன்ஸ் பெயர்தான் வரும். அன்று படகை நடத்தியவர் டிக் பிரவுன், கப்பல்களுக்கு வழிகாட்டும் துறைமுகப் பைலட். உங்கள் கிளப்பிலும் சம்பளத்துக்குப் படகோட்டியவர்கள், பாய் தைத்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயர் கோப்பையில் கிடைக்காது. சம்பளப் பதிவேட்டிலும் ரிப்பேர் பில்லிலும் கிடைக்கும்.

இருவர் ஓட்டும் படகில் சுக்கான் பிடித்தவர் பெயரை மட்டும் எழுதுவது பழைய வழக்கம், பாதிப் பேர் அப்படியே காணாமல் போகிறார்கள். 1900 ஒலிம்பிக்கில் 'லெரினா' வென்றபோது, கணவரோடு அதில் இருந்த எலேன் தெ பூர்தலேஸ்தான் ஒலிம்பிக் வென்ற முதல் பெண். 'திருமதி இன்னார்' என்று கணவர் பெயரில் ஒளிந்திருப்பவர்களைக் கண்டுபிடித்து, அவரவர் சொந்தப் பெயரைப் போடு. இதில் மட்டும் சமரசம் செய்துகொள்ளாதே, கண்ணு.

படங்களை முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய், 600 டிபிஐ போதும். பின்னால் பேனாவால் எழுதாதே, மை இறங்கிவிடும். மென்மையான பென்சில் போதும். கண்ணாடி நெகடிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டிருந்தால் பாயில் உள்ள எண் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரியும். எண்ணே இல்லாத படத்தில் ஆண்களின் கோட்டுப் பொத்தானைப் பார், அணிந்தவரின் இடது பக்க மடிப்பு வலது பக்கத்தின் மேல் வர வேண்டும். பாய்மர உச்சியில் முக்கோணக் கொடி என்றால் கிளப் கொடி. பிரிட்டிஷ் வழக்கத்தைப் பின்பற்றிய கிளப்பில் அங்கே செவ்வகக் கொடி பறந்தால், படகு பந்தயத்தில் இருக்கிறது.

மூத்த உறுப்பினர்களிடம் 'கிளப்பைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டால் விருந்தைப் பற்றித்தான் சொல்வார்கள். ஒரு படத்தைக் கையில் கொடுத்து, 'இந்தப் படகில் ஜிப் பாயை, அந்த முன்பக்கச் சின்னப் பாயை, பிடித்திருப்பது யார்?' என்று கேள். தாள்களை வகைப்படுத்தி முடிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம், வயதில் மூத்தவரிடம் முதலில் போ. முதல் இரண்டு அத்தியாயம் முடிந்ததும் எனக்கு அனுப்பு, டன் கணக்கை மட்டுமாவது நான் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா