கர்மா பாத்துக்கும்னு உக்காந்திருக்காதே தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதறேன். இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி பரவால்ல, நீ வாங்கி அனுப்பின எண்ணெயைத்தான் தேச்சுக்கிட்டிருக்கா. கொல்லைல வாழை ரெண்டு தார் விட்டிருக்கு. சின்ன அத்தை வீட்டு விசேஷம் தள்ளிப்போச்சு, ஏன்னு உனக்கே தெரியும். மத்த சேதியெல்லாம் கடைசில எழுதறேன், மறந்துட்டேன்னா போன்ல கேட்டுக்கோ.

போன்ல சொல்லாம எதுக்குக் கடுதாசின்னு தோணும். போன் பண்ணா "மீட்டிங்ல இருக்கேன்பா, அப்பறம் கூப்புடறேன்"ங்கறே, அந்த அப்பறம் இன்னும் வந்தபாடில்ல. தபால்னா பிரிச்சுதான் ஆகணும். உங்கப்பன் அதுலயே சோறு தின்னவன்.

கொஞ்ச நாளா உன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பாத்துக்கிட்டு வரேன். ஒருநாள் "கர்மா யாரையும் சும்மா விடாது"ங்கறே, மறுநாள் "நல்லவனா இருந்தா நாசம்தான்"ங்கறே, நேத்து ஒரு புலி படத்தைப் போட்டு அடியில என்னமோ இங்கிலீஷ்ல இருந்துச்சு. உனக்கு இந்தப் பழக்கம் கிடையாதே. நீ போட்டா பாப்பா டான்ஸ் ஆடறது, இல்லாட்டி சிஎஸ்கே ஜெயிச்சது. மருமகளைப் போய் என்ன சொன்னேன்னு கேக்காதே, அவ எங்ககிட்ட ஒண்ணும் சொல்லல. நானாத்தான் ஸ்டேட்டஸ் பாத்து எழுதறேன்.

நம்ம மேலத்தெருவுல ஒரு பையன் இருக்கான். உன் வயசுதான், நல்ல பையன், கேட்டா இல்லைன்னு சொல்லத் தெரியாது. கூட்டாளி ஒருத்தன் தொழில் பண்ண பேங்க்ல லோன் எடுத்தான், இவன் ஜாமீன் கையெழுத்து போட்டான், கொஞ்ச நாள் ஒழுங்கா கட்டிட்டு கூட்டாளி கைய விரிச்சுட்டான், இப்ப போனும் எடுக்கறதில்ல. பேங்க்காரன் இவனைப் புடிச்சிருக்கான். இவன் என்ன பண்றான்னா, சாப்பாடு ஒழுங்கா எறங்காம, யார்கிட்டயும் பேசாம, அவனைக் கர்மா பாத்துக்கும்னு சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கான். அவங்க அம்மாவும் "அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும்"ங்கறா. தெய்வம் நின்னு கொல்றதுக்குள்ள வட்டி ஏறிடுமேன்னு நான் சொன்னேன், அதுக்கு ரெண்டு நாள் என்கூடப் பேச்சு கிடையாது.

கர்மா நெஜமா பொய்யான்னு என்னைக் கேட்டா நான் என்ன சொல்றது. கோயிலுக்குப் போறவன் நான், நாகூர்ல கந்தூரிக்கும் போவேன், மாதா கோயில் கொடியேத்தத்துக்கும் போவேன், அது வேற. கர்மாவும் தபால் மாதிரிதான், லேட்டானாலும் விலாசம் தேடிக்கிட்டு வந்துடும்னு ஒருத்தர் பஸ்ஸ்டாண்டு டீக்கடைல சொல்லிக்கிட்டிருந்தாரு. எனக்கு சிரிப்பு தாங்கல. எத்தனை கவர் பக்கத்து வீட்டுக்குப் போச்சு, எத்தனை கவர் வெள்ளத்துல ஊறிப் போச்சு, எத்தனை கவர் ஆளே இல்லாத வீட்டு வாசல்ல கெடந்துச்சுன்னு தபால்காரனுக்குத்தானே தெரியும்.

சுனாமி உனக்கு ஞாபகம் இருக்கும். 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை. நான் சொல்லப்போறது அதுக்கப்பறம் ஆபீஸ்ல நடந்தது, உனக்கு நான் சொன்னதில்ல. முதியோர் பணம் அப்பல்லாம் மணியார்டர்ல வரும். அக்கரைப்பேட்டை பக்கம் கெழவிங்க திண்ணைல உக்காந்து எனக்காகக் காத்திருக்கும், பாதி கைநாட்டு. கட்டைவெரல்ல மை தடவினா அந்த மையைத் தலைமுடிலயே தொடைச்சுக்கும், சில கெழவி என் சட்டைலயே தொடைச்சு விட்டுட்டு சிரிக்கும். சுனாமிக்கு அப்பறம் வந்த கட்டுல ஒவ்வொரு பாரமா எடுத்து "பெறுபவர் இறந்துவிட்டார்"னு எழுதி எழுதி வெச்சேன். பேரைப் பாத்தா போதும், எந்தக் கெழவி, எந்த வெரல்ல தழும்பு, எல்லாம் தெரியும். பக்கத்து டேபிள்காரரு "நம்ம செஞ்ச புண்ணியம் நமக்கு ஒண்ணும் ஆகல"ன்னாரு. நல்ல மனுஷன்தான், ஆறுதலாத்தான் சொன்னாரு. எனக்கு அந்த பாரத்தையெல்லாம் அவர் மூஞ்சில வீசலாம் போல இருந்துச்சு. நம்ம நாகப்பட்டினம் ஜில்லால மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல போய்ட்டாங்க, வேளாங்கண்ணிக்கு கிறிஸ்துமஸ் கும்பிட வந்தவங்களும் அதுல இருந்தாங்க. வேண்டிக்கிட்டு வந்தவங்க என்ன பாவம் செஞ்சாங்க, இடுப்புல இருந்த பச்சப்புள்ளைங்க என்ன பாவம் செஞ்சுது? கடலுக்கு அடியில சுமத்ரா பக்கத்துல பூமி நகந்துச்சு, தண்ணி வந்துச்சு. கரையோரம் குடிசை போட்டிருந்தவன் போனான், தள்ளி வீடு கட்ட வசதி இருந்தவன் பொழச்சான். அதான் கணக்கு.

பெரிய மனுஷங்களும் இதுல சறுக்கியிருக்காங்கடா. 1934ல பீகார்ல பூகம்பம் வந்து கொஞ்ச நாள்ல காந்தி நம்ம திருநெல்வேலிக்கு வந்திருந்தாரு, தீண்டாமைங்கற பாவத்துக்கு வந்த தண்டனைதான் இதுன்னு கூட்டத்துல பேசினாரு. தாகூர் பொறுக்க மாட்டாம மறுத்து எழுதினாரு, அந்த மறுப்பை காந்தி தன் பத்திரிகைலயே போட்டாரு, அது வேற விஷயம். தீண்டாமை பாவம்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்தப் பாவத்தைச் செஞ்சவன் ஊர்பூரா இருக்க, பீகார்ல மண் வீட்டுல இருந்தவன் தலைல ஏன் விழணும்? நான் தாகூர் கட்சி.

அந்த சுனாமியப்ப நீ எட்டாவது படிச்சே. கேம்ப்ல சட்டையில்லாம நின்ன பையனுக்கு உன் புது தீபாவளி சட்டையைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்து அம்மாகிட்ட அடி வாங்கினே. நான் திட்டற மாதிரி திட்டிட்டு வெளில போய் எல்லார்கிட்டயும் சொல்லி பீத்திக்கிட்டேன். இப்பவும் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன். ஆனா சட்டை குடுக்கறது வேற, பேங்க் பாரத்துல கையெழுத்து போடறது வேறடா. சட்டை போனா ஒரு சட்டையோட போச்சு. கையெழுத்துக்கு முன்னாடி ஒரு வார்த்தை அப்பனைக் கேக்கத் தோணலையே. அந்த மேலத்தெரு பையனைச் சொல்றேன்.

நல்லது செஞ்சா திரும்பி வராதான்னு கேட்டா, வரும், வந்தும் இருக்கு. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சு நம்ம வீட்டு ஓடெல்லாம் பறந்துச்சே, நீ திருப்பூர்லேருந்து வந்து சேர ரெண்டு நாள் ஆச்சு. அதுக்குள்ளயே அக்கரைப்பேட்டை பசங்க நாலு பேர் தார்ப்பாயோட வந்து நின்னாங்க. நான் கூப்புடல. அதுல ஒருத்தனோட ஆயாவுக்கு நான் கடுதாசி படிச்சுக் காட்டுவேனாம், பேரன் துபாய்லேருந்து எழுதறதை ரெண்டு தடவை படிக்கச் சொல்லுமாம், அவன் சொல்லித்தான் எனக்கே ஞாபகம் வந்துச்சு. அம்மா உடனே "பாத்தீங்களா, தர்மம் தலைகாக்கும்"னா. நான் ஒத்துக்கல. மேல உக்காந்து ஒருத்தன் கணக்கு எழுதி அனுப்பி வெச்சது இல்ல அது, அந்தப் பையனுக்கு ஞாபகம் இருந்துச்சு, அவனுக்கு மனசு இருந்துச்சு, அவ்வளவுதான். நான் தபால் குடுத்த அதே தெருக்கள்ல நான் ராத்திரி பகல்னு பாக்காம ஓடி உதவின வீடு ஒண்ணு இருக்கு, எதிர்ல பாத்தா மூஞ்சைத் திருப்பிக்கிட்டுப் போவாங்க. மனுஷனுக்கு ஞாபகம் இருந்தா திரும்பி வரும், மறந்துட்டா வராது. அதை நம்பி வரவுசெலவு போட முடியாது. அதுக்காக நான் கடுதாசி படிச்சுக் காட்டாம இருந்திருக்கணுமா? வள்ளுவரும் மேலுலகம்னு ஒண்ணு இல்லாட்டியும் குடுக்கறதுதான் நல்லதுன்னு சொன்னாரு. இன்னொரு எடத்துல, பொறாமை புடிச்சவன் நல்லா இருக்கறதும் நல்லவன் கெட்டுப்போறதும் "நினைக்கப்படும்"னு முடிச்சுட்டாரு. யோசிச்சுப் பாக்க வேண்டிய விஷயம்னுதான் சொன்னாரே ஒழிய இதான் காரணம்னு சொல்லல பாரு. பழவினை அது இதுன்னு உரை எழுதினவங்க பின்னாடி சேத்துக்கிட்டாங்க. அவருக்கே அவ்வளவுதான் தெரிஞ்சிருக்கு, ஸ்டேட்டஸ் போடறவனுக்கு எல்லாம் தெரியுது.

சரி, அந்தப் பையனுக்கு நான் சொன்னதை உனக்கும் எழுதறேன், உனக்குத் தேவைப்படாது, தெரிஞ்சு வெச்சுக்கோ. ஜாமீன் போட்டவன் சும்மா சாட்சி இல்ல. கடன்காரன் எவ்வளவு கட்டணுமோ அவ்வளவுக்கும் இவனும் பொறுப்பு, 1872ல போட்ட ஒப்பந்தச் சட்டம், 128வது பிரிவு. அவனை மொதல்ல புடிங்கன்னு சொல்லிட்டு இவன் ஒதுங்கிக்க முடியாது. யார் கடனை ஒழுங்கா கட்டறாங்கன்னு பதிஞ்சு வெக்கற சிபில்லயும் ஏறும். ஆனா இவன் கட்டிட்டா அந்தப் பணத்தைக் கடன் வாங்கினவன்கிட்டேருந்து வசூல் பண்ண இவனுக்கு உரிமை இருக்கு, அதே சட்டத்துல 145ன்னு நெனைவு வெச்சுக்கோ. கட்டினதுலேருந்து 3 வருஷத்துக்குள்ள கேஸ் போடணும், கர்மா பாத்துக்கும்னு நாலாவது வருஷம் எழுந்திரிச்சா சட்டம் பாத்துக்காது. கட்டற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்கணும். லோக் அதாலத்ல, அதான் மக்கள் நீதிமன்றத்துல, வெச்சுப் பேசினா பேங்க்காரனும் எறங்கி வரலாம், கோர்ட் பீஸும் கிடையாது. வசூல்காரன் காலைல 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு மேலயும் கடன்காரனுக்குப் போன் பண்ணக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2022ல சொல்லியிருக்கு, ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்து பாப்பா பயந்து அழுதான்னா அந்த நம்பரையும் நேரத்தையும் எழுதி வெச்சு பேங்க் மேனேஜருக்கு எழுத்துல புகார் குடு.

பாப்பான்னு எழுதிட்டேன். அடிச்சுட்டு மாத்தி எழுத எனக்குக் கை ஓடல, அப்படியே இருக்கட்டும். நீயா சொல்ற வரைக்கும் நான் ஒண்ணும் கேக்கப் போறதில்ல.

முக்கியமா இதைக் கேளு. கையெழுத்து போட்டு வாங்கற தபால் வந்தா வாங்கு, முந்தி ரெஜிஸ்டர் தபால்னு வந்தது, 2025ல அதை ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டாங்க. வக்கீல் நோட்டீஸ் வந்தா பாதி பேர் என்னைப் பாத்ததும் பின்கட்டு வழியா ஓடுவான், இல்லாட்டி பொண்டாட்டியை விட்டு ஊர்ல இல்லைன்னு சொல்லச் சொல்வான். "வாங்க மறுப்பு"ன்னு நான் எழுதித் திருப்பி அனுப்பினா கோர்ட்டுல அது குடுத்த கணக்குலதான் சேரும். ஓடினவன் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லாமலே தோத்துருவான். வாங்கு, பிரி, தேதி எழுதி வெச்சுக்கோ, பதில் போடு. வாங்க மறுக்காதே. ரசீது வாங்கு.

இன்னொண்ணு. கையெழுத்து வாங்கினவன் குடும்பம் நாசமாப் போகணும்னு அம்மா மண்ணை வாரித் தூத்தாத குறையா பேசறா. அவனுக்கும் ரெண்டு புள்ளைங்க, அதுல சின்னது நம்ம வீட்டு ஊஞ்சல்ல தூங்கியிருக்கு. நாளைக்கு அதுக்கு ஒரு காய்ச்சல் வந்தா பாத்தியா கர்மான்னு நாலு பேர் சொல்வாங்க. அப்பன் கடன் கட்டாததுக்குப் புள்ளைக்குக் காய்ச்சலா, அது என்ன நீதி? அப்படி ஒரு கர்மா இருந்தா அது எனக்கு வேண்டாம். அதுவுமில்லாம அவன் ஏமாத்தணும்னே பண்ணானா தெரியல. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காக்காரன் 50 சதவீதம் வரின்னதும் உங்க ஊர்ல எத்தனை யூனிட்டுக்கு ஆர்டர் நின்னுச்சுன்னு நீதானே சொன்னே. ட்ரம்ப் வரி போட்டது எந்த ஜென்மத்துப் பாவம்? தொழில் படுத்திருக்கலாம், உன் மூஞ்சில முழிக்க வெக்கப்பட்டு போனை எடுக்காம இருக்கலாம். ஏமாத்துக்காரனாவும் இருக்கலாம். ஒருதரம் நேர்ல போய்ப் பாரு. தனியா போகாதே, மாமாவைக் கூட்டிக்கிட்டுப் போ, சண்டை வேண்டாம், எவ்வளவு எப்பத் தருவேன்னு எழுதி வாங்கு.

உன்மேல கோவம் இருக்கு, இல்லாம இல்ல. பாப்பா காதுகுத்துக்கு வெச்சிருந்த பணமும் இதுலதான் போயிருக்கும்னு நெனைக்கறேன். ஆனா ஊர்ல எவனும் எவனுக்கும் கையெழுத்து போடாத காலத்துல எம்புள்ள போட்டான்னு உள்ளுக்குள்ள ஒரு இது இருக்கு, அதை அம்மாகிட்ட சொல்ல முடியல. இனிமே போடாதே. போட்டா படிச்சுட்டுப் போடு. போடாதே.

பொங்கலுக்கு வரும்போது அந்த பேப்பர், பேங்க் லெட்டர், நீ கட்டின ரசீது எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துக்கிட்டு வா. வக்கீலுக்குச் சொல்லி வெச்சிருக்கேன், மேலத்தெரு பையன் விஷயம்னுதான் சொல்லியிருக்கேன். போஸ்ட் ஆபீஸ்ல என் பேர்ல சீனியர் சிட்டிசன் டெபாசிட் ஒண்ணு மார்ச்ல முடியுது. அம்மாவுக்கு அந்தத் தேதி தெரியாது. நீ அதைப்பத்திப் போன்ல பேசிடாதே, அவ ஸ்பீக்கர்ல போட்டுத்தான் கேப்பா.

அப்பா