செஞ்சியைக் கட்டியது யார், ஆசிரியரே?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் பயணக் கட்டுரையில் 'மராட்டியர் கட்டிய செஞ்சிக் கோட்டை' என்று ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து மனசே ஆறவில்லை. 2025 ஜூலையில் மராட்டியரின் 12 கோட்டைகளை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள், அதில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டும்தான். சந்தோஷம்தான், நாங்களும் ஊரில் மிட்டாய் கொடுத்தோம். அதற்காகக் கட்டினவர்களையே மாற்றிவிடுவதா? சிவாஜி பிடித்தது 1677இல், முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் பிடுங்கிக்கொண்டது 1698இல், கூட்டிக் கழித்தால் 21 வருஷம். மதிலைப் பலப்படுத்தினார்கள், இல்லை என்று யார் சொன்னது? அதற்கு முன்னால் நாயக்கர்கள் என்ன வேடிக்கை பார்த்துக்கொண்டா இருந்தார்கள்? உங்களுக்குத் தெரியாததா! கோட்டைக்குள் இருக்கும் வேங்கடரமணர் கோயில் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள், நீங்கள் ஒரே வரியில் கோட்டையையே ஏற்றி அனுப்பிவிட்டீர்கள்.

கட்டுரையாளர் மலை ஏறினாரா என்பதே எனக்குச் சந்தேகம். 'ஒரு மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடலாம்' என்கிறார். கோட்டையின் பெரிய மலையான ராஜகிரி 800 அடி ஐயா. போன மாதம் பேத்தியோடு ஏறினேன். பாதி வழியில் ஒரு குரங்கு அவள் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி, மூடியைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, அவளைப் பார்த்துக்கொண்டே குடித்தது. மேலே போனால் சொட்டுத் தண்ணீர் கிடையாது. மண்குழாய் வைத்துக் கல்யாண மகால் மாடிக்கே தண்ணீர் கொண்டுபோனவர்களின் கோட்டை இது! இறங்கி வந்தால் களஞ்சியத்துச் சுவர் முழுக்கக் காதலர்கள் கிறுக்கிய பெயர்கள். ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டு வாசித்துவிட்டு, "தேசிங்கு ராஜா பேர் எங்கே தாத்தா?" என்று கேட்டாள். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதிச் செத்தவன், அவன் குதிரை பாராசாரியின் பேரைக்கூட எங்கள் ஊர்க் கிழவிகள் மறக்கவில்லை. உங்கள் நாலு பக்கக் கட்டுரையில் அவனுக்கு அரை வரி இல்லை, பிரியாணிக் கடைக்கு ஒரு பத்தி.

இந்தச் சுவர்க் கிறுக்கலைப் பற்றி மூன்று வருஷத்துக்கு முன்பே எழுதினேன். போடவில்லை. அந்த வாரம் ஒரு நடிகர் வீட்டு நாயின் பிறந்தநாள் வந்திருந்தது, இடப் பற்றாக்குறை, புரிந்துகொண்டேன்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். அப்புறம், போகிறவர்கள் தண்ணீரைக் கையில் பிடிக்காமல் பைக்குள் வைத்துக்கொள்ளட்டும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
செஞ்சிப் பக்கத்துக்காரன் ஒருவன்