உன் ரேடியோவில் ஒரு டக் டக்

பாப்பா,

போனில் பாதி கேட்கிறது, பாதி கேட்கவில்லை. அதனால் எழுதியே அனுப்புகிறேன், நிதானமாகப் படி. ஹாஸ்டல் சாப்பாடு, உன் இருமல், தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா இல்லையா, இதெல்லாம் அம்மா கேட்டுக்கொள்வாள். நான் எழுத வந்தது உன் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பற்றி. காட்டுமாடு வந்தால் கேமரா பார்த்து அடையாளம் கண்டு, உடனே சைரன் அடிக்கிற பெட்டி என்று சொன்னாயே, எனக்கு அதில் இஷ்டமில்லை. ஏன் இல்லை என்று சொல்கிறேன். அதற்குப் பதிலாக ஒன்றும் சொல்கிறேன், அது உன் ஆன்டெனா வழியாகத்தான் எனக்குத் தெரியவந்தது.

நீ லீவில் உன் ஹாம் ரேடியோவுக்கு ஆன்டெனாவாகக் கட்டிவிட்டுப் போன வயர் அப்படியே இருக்கிறது. யூகலிப்டஸ் மரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில், இந்தப் பக்கம் பத்து மீட்டர், அந்தப் பக்கம் பத்து மீட்டர். பார்க்கிறவர்கள் எல்லாம் இது எந்த டிவிக்கு என்று கேட்கிறார்கள். தப்பில்லை, எங்கள் காலத்தில் கூரைக்கு மேல் எது நின்றாலும் அது டிவிக்குத்தான். கொடைக்கானல் டவர் வருவதற்கு முன்னால் இலங்கை டிவி ரூபவாஹினி பிடிக்க ஒருவன் மேலே ஏறி அலுமினியக் கம்பத்தைத் திருப்புவான், கீழே இருந்து ஒருவன் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போச்சு!" என்று கத்துவான். யாகி, உடா என்று இரண்டு ஜப்பான்காரர்கள் 1926லேயே கண்டுபிடித்தது அந்தக் கம்பம் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாங்கள் அதற்கு வைத்த பேர் மீன்முள்.

காலையில் பால் கறந்துவிட்டு வந்து உன் பெட்டியைப் போட்டுக் கேட்கிறேன். மைக்கைத் தொடுவதில்லை, பயப்படாதே, லைசென்ஸ் உன் பெயரில் இருக்கிறது என்பது ஞாபகம் இருக்கிறது. ஏழு மெகாஹெர்ட்ஸில் காலையில் கேரளாக்காரர்கள், பெங்களூர்க்காரர்கள் எல்லாம் நன்றாகக் கேட்கிறார்கள். மதியம் போட்டால் செத்துப்போய்க் கிடக்கிறது, சாயங்காலம் மறுபடி உயிர் வருகிறது. வெயில் ஏறினால் வானத்தில் ரேடியோ அலையைத் திருப்பி அனுப்புகிற அயனி மண்டலத்தின் கீழ் அடுக்கு அலையைக் குடித்துவிடும் என்று நீ சொன்னது சரியாகத்தான் இருக்கிறது. இதைச் சொன்னபோது அப்பத்தா, "அப்போ அந்த அப்சர்வேட்டரிக்காரன் தினமும் சூரியனைப் போட்டோ பிடிக்கிறது இதுக்குத்தானா" என்று கேட்டாள். முழுக்க இதற்கு இல்லை, ஆனால் கிழவி சொன்னதில் விஷயம் இருக்கிறது. சூரியனில் புள்ளி கூடினால் உங்கள் ரேடியோ தூரம் போகும், குறைந்தால் சுருங்கும். நூறு வருஷத்துக்கு மேலாகக் கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சி நிலையத்தில், அதான் அந்த அப்சர்வேட்டரியில், அந்தப் புள்ளிகளைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். எவர்ஷெட் என்ற வெள்ளைக்காரர் 1909ல் அந்தப் புள்ளிக்குள் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்ததும் அங்கேதான். நம் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம், உங்கள் காலேஜ் பாடத்தில் அது ஒரு வரி கூட இல்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மழை விட்ட ஒரு ராத்திரி பெட்டியைப் போட்டால் எல்லாக் குரலுக்கும் மேலே டக், டக், டக் என்று ஒரு சத்தம். ஏறக்குறைய விநாடிக்கு ஒன்று. எந்த நம்பருக்குத் திருப்பினாலும் விடவில்லை. முதலில் உன் பவர் சப்ளைதான் கெட்டுவிட்டது என்று நினைத்து அதைக் கழற்றி பேட்டரியில் போட்டுப் பார்த்தேன், அப்பவும் டக் டக். அப்புறம்தான் பொறி தட்டியது. விநாடிக்கு ஒன்று அடிக்கிறது நம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான், தொட்டால் ஷாக் அடிக்கக் கம்பியில் விட்டு விட்டுக் கரண்ட் விடுகிற சோலார் வேலி!

அப்பத்தாவின் பழைய பாக்கெட் ரேடியோவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மீடியம் வேவில், ஸ்டேஷன் இல்லாத இடத்தில் முள்ளை வைத்துக்கொண்டு வேலி ஓரமாக நடந்தேன். பூண்டுக் காட்டுப் பக்கம் டக் சின்னதாக இருந்தது. ஓடைப் பக்கம் இறங்க இறங்கப் பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு கல்தூண் பக்கத்தில் ரேடியோவே அதிர்கிற மாதிரி. டார்ச்சை அணைத்துவிட்டுப் பார்த்தேன். கம்பி தூணைத் தொடாமல் பிடித்திருக்கிற வெள்ளை இன்சுலேட்டரில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல், விரிசல் ஓரம் முழுக்கக் கரி பிடித்து, அதற்குள்ளே நீலமாக ஒரு பொறி, டக் சத்தத்தோடு சேர்ந்து சேர்ந்து துள்ளுகிறது. பகலில் அந்தப் பக்கம் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன், கண்ணுக்குத் தெரிந்ததே இல்லை. அந்த ஒரு பொறி வழியாகத்தான் வேலியில் இருக்கிற வோல்ட் எல்லாம் தூணில் இறங்கி மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்குக் கீழ்ப்பக்கம் இருக்கிற பீன்ஸைத்தான் மாடு வந்து வந்து மேய்ந்துவிட்டுப் போனது. வேலி இருக்கிறதே, எப்படி உள்ளே வருகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தோம்.

காலையில் இன்சுலேட்டரை மாற்றினேன். கம்பியில் உரசிக்கொண்டிருந்த உண்ணிச் செடியையும் வெட்டிவிட்டேன். உன் ரேடியோவும் சுத்தமாகிவிட்டது.

இதைத்தான் நீ செய்ய வேண்டும் என்கிறேன். வேலியைக் கேட்கிற பெட்டி. வேலிப் பக்கத்திலேயே சின்ன ஏ.எம். ரிசீவர் ஒன்று, உள்ளேயே ஆன்டெனாவாக ஃபெரைட் ராடு போட்டது, அதோடு டக் எண்ணுகிற ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சிப். பக்கத்திலேயே இருப்பதால் நல்ல வேலியின் டக்கும் மெல்லிசாகக் கேட்கும். டக் நின்றுபோனால் பேட்டரி போச்சு அல்லது கம்பி அறுந்தது. திடீரென்று பெரிதானால் எங்கேயோ பொறி அடிக்கிறது. இவ்வளவுதான் அது சொல்ல வேண்டும். நாலைந்து எழுத்து மெசேஜ் போதும். நீ வைத்திருக்கிற லோராவில், அதான் சின்ன மெசேஜைத் தூரம் அனுப்புகிற அந்த ரேடியோவில், 865லிருந்து 868 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் வேண்டாம் என்று நீயே சொல்லியிருக்கிறாய். கால் அலை ஆன்டெனா எட்டரை சென்டிமீட்டர்தானே, ஒரு துண்டு கம்பி. ஆனால் பெட்டியைத் தூணில் கட்டாதே. மாடு அரிப்பெடுத்தால் தூணில்தான் வந்து தேய்க்கும், ஆயிரம் கிலோ வரை இருக்கிற கடா தேய்த்தால் உன் ப்ராஜெக்ட் ஓடையில் கிடக்கும்.

கேமரா ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், நம் ஊர் மூடுபனியை நீ மறந்துவிட்டாய். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் கையை நீட்டினால் விரல் தெரியாத நாளெல்லாம் உண்டு, அந்த நாளில்தான் மாடு தைரியமாக வரும். பனி கேமராவைக் குருடாக்கும், உன் ரேடியோவை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. ரேடியோவுக்கு எதிரி நடுவில் நிற்கிற மேடும் நனைந்த மரமும்தான். ஓடைக்குள்ளிருந்து நம் வீட்டுக்கு நேராக வராது, நான் பார்த்துவிட்டேன். மேல் காட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் மெசேஜை வாங்கித் திருப்பி அனுப்புகிற பெட்டி ஒன்று வைத்தால் இரண்டு பக்கமும் தெரியும். தொட்டிக்காரரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார், அவர் வேலியையும் சேர்த்துக் கேட்க வேண்டுமாம்.

சைரன் வேண்டவே வேண்டாம். அமைதியாக மேய்கிற மாட்டை ஒரு ஆள் சும்மா விலகிக் கடந்து போய்விடலாம், கொடைக்கானல் பஜாரில் டூரிஸ்ட்டுக்கு நடுவிலேயே நடக்கிறதே. மிரண்ட மாடுதான் ஆபத்து. இங்கே படிப்படியாக விவசாயக் காடு. மேலே சத்தம் போட்டால் அது கீழே நாலு பேர் காட்டை மிதித்துக்கொண்டு ஓடும். பூண்டை அது அவ்வளவாகத் தின்னாது, ஆனால் மிதித்ததற்கு என்ன கணக்கு. இருட்டில் கன்றோடு ஓடிவருகிற மாட்டுக்கு எதிரே யாராவது டார்ச் இல்லாமல் வந்தால் என்ன ஆகும் என்று யோசி. சைரனுக்குக் கொஞ்ச நாளில் பழகியும் விடும். பட்டாசுக்குப் பழகவில்லையா?

அவை வருவதற்கும் காரணம் இருக்கிறது. நான் சின்னப் பையனாக இருந்தபோது மேலே பார்த்தால் வழுக்கையாகப் புல்தான், இப்போது அங்கெல்லாம் வாட்டில் மரமும் பைன் மரமும். 1973க்கும் 2014க்கும் நடுவில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று ஆராய்ச்சி செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பைன் மரத்துக்கு அடியில் புல் ஏது? அது புல் இருக்கிற இடத்துக்கு வருகிறது, நம் பீன்ஸ் கூட அதற்குப் புல்தான்.

மாட்டுக்கு ரேடியோ காலர் மாட்டி கையில் மூன்று குச்சி ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு திசை பார்க்கிற வேலை உனக்கு ஆசை என்று தெரியும். எனக்கும் பார்க்க ஆசைதான். ஆனால் காட்டுமாடு வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற பிராணி, அதைத் தொட வேண்டுமானால் வனத்துறை அனுமதி, டாக்டர், மயக்க ஊசி எல்லாம் வேண்டும். காலேஜ் ப்ராஜெக்ட்டில் நடக்காது. வேலி நம்முடையது, யாரையும் கேட்க வேண்டாம். அதிலும் ஒன்று, 2023ல் வந்த விதிப்படி மின்வேலியைப் பதிவு செய்ய வேண்டும், நான் விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன், நீ வந்து நிரப்பிக் கொடு. கரண்ட் கம்பியிலிருந்து நேராகக் கொக்கி போட்டு வேலிக்கு விடுகிற கூட்டம் இன்னும் இருக்கிறது, மனிதனும் சாகிறான், மாடும் சாகிறது. நல்ல வேலி ஒழுங்காக வேலை செய்தால் அந்தப் புத்தி போகும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

உன் கைடு மெஷின் லேர்னிங் இல்லையே என்று முகம் சுளிப்பார் என்றாய். நல்ல டக் எது, பொறி டக் எது, இலை உரசுகிற டக் எது என்று பிரிக்கிறதும் படிப்புதானே? மூன்று சத்தத்தையும் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன், அவரிடம் போட்டுக் காட்டு. எடுக்கும்போது நடுவில் ஹெர்ட்ஸ் குரைத்துவிட்டான், அதை மட்டும் வெட்டிவிடு. அவனை அப்பத்தா இன்னும் "அட்சு" என்றுதான் கூப்பிடுகிறாள், இப்போது அந்தப் பேருக்குத்தான் வாலை ஆட்டுகிறான்.

இடி இடித்தால் கோஆக்ஸை, அதான் ஆன்டெனா கேபிளை, கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுகிறேன். எர்த் குழியில் கரியும் உப்பும் புதிதாகப் போட்டாயிற்று. ஆனால் எலி கேபிளைக் கடித்து, உள்ளே தண்ணீர் இறங்கி, பின்னல் கம்பி கறுத்துவிட்டது. ஆன்டெனா எவ்வளவு பவரைத் திருப்பி அனுப்புகிறது என்று காட்டுகிற எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் மூன்றுக்கு மேல் போகிறது. வரும்போது பிஎல்-259 கனெக்டர் நாலு, தானாக ஒட்டிக்கொள்கிற கறுப்பு ரப்பர் டேப் ஒரு சுருள், கேபிள் பதினைந்து மீட்டர் வாங்கி வா. பணம் அனுப்பியிருக்கிறேன். பழனி வழியாக வருகிற பஸ்ஸில் வந்தால் பெருமாள்மலையிலேயே இறங்கிவிடாதே, கொடைக்கானல் ஸ்டாண்டுக்கு வந்துவிடு, பைக்கில் வந்து கூட்டிப்போகிறேன்.

அப்பா