பேஜ் மில் ரோட்டின் கதை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். மகள் கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கிறாள், வீடு மறுபடி கலகலப்பாக இருக்கிறது.

ஊர்ச் சாலையை நான்கு வழியாக்கப் போகிறார்கள், புளியமரங்களுக்கு எண் போட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் நாம் ஒரே காரில் வேலைக்குப் போய்வந்த பேஜ் மில் ரோட்டைப் பற்றியும் இங்கே அதே பேச்சுதான். அன்றைக்கு அது நமக்கு வெறும் டிராஃபிக். இப்போதுதான் அதன் கதையை உட்கார்ந்து படித்தேன்.

1860களில் வில்லியம் பேஜ் என்பவர் மலைக்கு அந்தப் பக்கம், இப்போது போர்ட்டோலா ரெட்வுட்ஸ் பூங்கா இருக்கும் இடத்தில், மர அறுவை மில் வைத்திருந்தார். அறுத்த மரத்தை மலை தாண்டி மேஃபீல்டுக்கு இறக்கப் போட்ட பாதைதான் இது. மேஃபீல்டு அப்போது தனி ஊர். நாம் சனிக்கிழமை சாப்பிடப் போவோமே கலிபோர்னியா அவென்யூ, அதுதான் அதன் கடைவீதி. 1925-ல்தான் பாலோ ஆல்டோவோடு சேர்ந்தது.

மலைப்பகுதி இன்னும் அந்தப் பழைய சாயலில்தான் இருக்கிறது. 280 நெடுஞ்சாலையைத் தாண்டினால் வளைந்து வளைந்து மலை உச்சியில் போகும் ஸ்கைலைன் சாலை வரை ஏறும் ஒடுக்கமான ரோடு, சைக்கிள்காரர்களுக்குப் பிடித்தது. கீழே மட்டடேரோ ஓடையை ஒட்டி ஒரு துண்டு ஓல்டு பேஜ் மில் ரோடாக ஒதுங்கிவிட்டது. பீட்டர் கூட்ஸ் என்ற பெயரில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் 1870களில் கட்டிய செங்கல் கோபுரம் அந்த ஓரத்தில் நிற்கிறது. அவ்வளவு பக்கத்தில் வேலை பார்த்தும் நாம் போய்ப் பார்த்ததே இல்லை.

ரோட்டை மாற்றியது 1951-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் தொடங்கிய தொழில் பூங்கா. வேரியன் நிறுவனம் முதலில் வந்தது, பிறகு ஹியூலெட்-பேக்கார்ட், 1970-ல் ஜெராக்ஸின் ‘பார்க்’ ஆய்வகம். பழத்தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறின, கார்கள் பெருகின. 1961-ல் சாண்டா கிளாரா கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) மக்கள், எக்ஸ்பிரஸ்வே என்ற விரைவுச் சாலைகள் போட 7 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்களித்தார்கள். லாரன்ஸ், சான் தாமஸ், சென்ட்ரல் என்று நாம் சுற்றிய எக்ஸ்பிரஸ்வேக்களெல்லாம் மாநிலம் போட்டவை அல்ல, கவுண்டி தன் பணத்தில் போட்டவை. பேஜ் மில்லில் நீலப் பலகையில் மஞ்சள் எழுத்தில் ஜி3 என்று பார்த்திருப்பாய், அது கவுண்டி ரோட்டின் அடையாளம். லாஸ் ஆல்டோஸ் வழியாகப் போகும் ஃபுட்ஹில் எக்ஸ்பிரஸ்வே ஒரு காலத்தில் ரயில் பாதையாம். 1964-ல் ரயில் நின்றதும் அந்த நிலத்தில் ரோடு வந்தது.

பேஜ் மில்லை 101 நெடுஞ்சாலை வரை இழுக்க அப்படி ஒரு காலி நிலம் கிடைக்கவில்லை. நடுவில் இருந்தது ஆரிகன் அவென்யூ, இரண்டு பக்கமும் வீடுகள் உள்ள தெரு. ஒரு பக்கத்து வீடுகளை எடுத்தால்தான் நான்கு தடம் வரும். ஊரே இரண்டாகப் பிரிந்தது. 1962-ல் பாலோ ஆல்டோ அதை வாக்கெடுப்புக்கு விட்டது. ரோடு வேண்டும் என்றவர்கள் மிகக் குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்தார்கள், வீடுகள் போயின.

தோற்றவர்கள் அத்தோடு விடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தப் பத்தாண்டு முழுக்க நகர மன்றத் தேர்தல்களில் நின்றார்கள். ஆரிகனில் இன்றும் வேகம் மணிக்கு 35 மைல்தான், ஓரமெல்லாம் மரங்கள். எக்ஸ்பிரஸ்வே என்று பெயர் இருந்தாலும் தெருவின் குணம் முழுக்கப் போகவில்லை. ரோட்டுக்காகச் சண்டை போட்டு வாக்கெடுப்பு வரை போகும் பழக்கம் ஊரில் ஊறிவிட்டது. பக்கத்து சேண்ட் ஹில் ரோட்டை அகலப்படுத்தி எல் கமினோ சாலையோடு இணைக்கும் சண்டை பல வருஷம் இழுத்து, 1997-ல் வாக்கெடுப்பில்தான் முடிந்தது.

இப்போது பேஜ் மில்லை 280-க்கும் ஃபுட்ஹில்லுக்கும் நடுவில் அகலப்படுத்தும் யோசனை. 2016-ல் நாங்கள் வாக்களித்த அரை சதவீத விற்பனை வரியில் எக்ஸ்பிரஸ்வேக்களுக்கு 75 கோடி டாலர் ஒதுக்கீடு இருக்கிறது. நான் அந்த வரிக்கு ஆதரவாகத்தான் வாக்களித்தேன். ஆனாலும் பேஜ் மில்லில் கூடுதல் தடம் வேண்டாம் என்பது என் எண்ணம். காலையில் வண்டிகள் தேங்குவது 280 இறக்கத்திலும் சிக்னல்களிலும். தடத்தைக் கூட்டினால் அதே கூட்டம் இன்னும் கொஞ்சம் அகலமாக நிற்கும், அவ்வளவுதான். முதலில் சந்திப்புகளைச் சரிசெய்யட்டும், நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தனிப் பாதை போடட்டும். கவுண்டிக்கு இதை எழுத்தில் அனுப்பிவிட்டேன்.

உங்கள் ஊரில் யாரும் வாக்கெடுப்பு நடத்தப் போவதில்லை, எனக்குத் தெரியும். ஆனால் மரம் வெட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் அல்லவா? அங்கே மனு போடு. ‘மரத்தை வெட்டாதே’ என்று மட்டும் எழுதாமல், எந்தப் பக்கம் அகலப்படுத்தினால் எத்தனை மரம் தப்பும், பள்ளிக்கூடத்து முன்னால் எங்கே ரோட்டைக் கடப்பது, மழைநீர் எந்த வாய்க்காலுக்குப் போகும் என்று கேள். எண் போட்ட மரங்களை வரிசையாகப் படம் எடுத்து வைத்துக்கொள். பஞ்சாயத்துத் தலைவரையும் சேர்த்துக்கொண்டால் நல்லது.

மனுவை எழுதியதும் எனக்கு அனுப்பு, படித்துவிட்டு உடனே சொல்கிறேன். பொங்கலுக்கு முந்தின வாரம் வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. அம்மாவுக்கு என்ன வாங்கி வர வேண்டும் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்