சோதனை முடிந்தது, சிம்பன்சிக்கு யார் சோறு போடுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

எச்ஐவி தடுப்பூசி ஏன் இன்னும் வரவில்லை என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே இருந்தது. ஆனால் சிம்பன்சிகளிடம் செய்த சோதனைகள் பலிக்கவில்லை என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். சரி, பலிக்கவில்லை. அந்தச் சிம்பன்சிகள் என்ன ஆயின?

சென்னையில் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டுபிடித்த அதே 1986இல்தான், அமெரிக்க அரசு எய்ட்ஸ் ஆராய்ச்சியை மனதில் வைத்துச் சிம்பன்சிகளைப் பெருக்கத் தொடங்கியது. வைரஸ் உடம்பில் ஏறியது, ஆனால் அநேகமாக எதற்குமே எய்ட்ஸ் வரவில்லை. ஆராய்ச்சியாளர்கள் மக்காக் குரங்குகள் பக்கம் போய்விட்டார்கள். இந்தச் சிம்பன்சிகளோ ஐம்பது வயதுவரைகூட வாழக்கூடியவை, தொற்று வேறு இருக்கிறது, காட்டில் விட வழியே இல்லை. இவற்றைக் கொன்றுவிடுவது தீர்வல்ல என்று 1997இல் அங்குள்ள தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் அறிக்கை எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், அந்த யோசனை பேச்சிலாவது இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்!

அதே ஆண்டு நியூயார்க் பல்கலைக்கழகம் தன் ஆய்வுக்கூடத்தை மூடியபோது, கனடாவின் கியூபெக்கில் குளோரியா க்ரோ என்ற பெண்மணி 15 சிம்பன்சிகளைத் தன் பண்ணைக்குக் கொண்டுவந்தார். அவற்றில் பலவற்றுக்கு எச்ஐவி இருந்தது. அதுவரை அவை இருந்தது ஐந்தடிக்கு ஐந்தடி, ஏழடி உயரத்தில், தரையில் படாமல் தொங்கும் கம்பிக்கூண்டில். எங்கள் வீட்டுக் குளியலறை அதைவிடப் பெரிது. தொற்றுள்ள விலங்கு என்றால் கடிபடுவதற்கும் இரத்தம் படுவதற்கும் பயந்து கையுறை போட வேண்டும், கதவுப் பூட்டை இரண்டு முறை பார்க்க வேண்டும், அதெல்லாம் பழகிவிடும். பழகாதது மற்றது. வருடக்கணக்கில் தனிக் கூண்டில் கிடந்த சிம்பன்சிக்கு இன்னொரு சிம்பன்சியோடு எப்படி இருப்பது என்றே தெரிவதில்லை. அங்கே பில்லி ஜோ என்று ஒருவன் இருந்தான் (அது என்று எழுத மனம் வரவில்லை). மனிதர் வீட்டில் வளர்ந்து வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தவன், அப்புறம் ஆய்வுக்கூடத்துக்குப் போனான், ஒருமுறை மயக்க மருந்து தெளியும்போது தன் கட்டைவிரல்களைத் தானே கடித்துத் துண்டித்துக்கொண்டான்.

ஆஸ்திரியாவில் இன்னொரு கூட்டம். எச்ஐவி, கல்லீரல் அழற்சி ஆராய்ச்சிக்காக ஒரு மருந்து நிறுவனம் வைத்திருந்தவை. அவற்றுக்கு இடம் கொடுத்த சஃபாரி பூங்கா 2004இல் திவாலாகிவிட, திறந்தவெளிக் கூடம் பாதியில் நின்றது. 2011இல்தான் வெளியே வந்தன. சில, கதவருகே ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற காட்சியை நீங்களும் பார்த்திருக்கலாம்.

ஆராய்ச்சி தப்பா சரியா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஊசி போடும் அன்றைக்கே அந்த விலங்கின் மிச்ச ஆயுளுக்கான பணத்தையும் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு. ஆராய்ச்சி முடிந்த சிம்பன்சிகளைச் சரணாலயத்தில் வைத்துப் பராமரிப்பதற்கான சட்டமே அமெரிக்காவில் 2000இல்தான் வந்தது. அப்படியும் 2019இல், நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோவில் ஒரு கூடத்தில் இருந்த 44 சிம்பன்சிகளுக்கு உடம்பு சரியில்லை, பயணம் தாங்காது என்று சொல்லி, சரணாலயத்துக்கு அனுப்பாமல் அங்கேயே வைத்துவிட்டார்கள். அது சட்டப்படி தவறு என்று 2022இல் நீதிமன்றம் சொன்னது.

தடுப்பூசிக் கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் இந்தச் செலவுக் கணக்கையும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை