லைசென்ஸ் பாடத்தை வீட்டிலிருந்தே படிக்க வழி செய்யுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எனக்கு வயது 48. கடந்த ஆண்டுதான் முதன்முதலாக லைசென்ஸ் எடுத்தேன். என் கணவருக்குச் செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நான்கு மணி நேரம் மெஷினோடு படுத்துவிட்டு எழுந்தால் அவரால் நேராக நிற்க முடியாது. அந்த நிலையில் அவரை ஐந்தடி நடைபாதையில் உட்கார வைத்து, கிராப் வாடகைக் கார் எப்போது வரும் என்று கைப்பேசியையே பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. வாசலில் அவருடைய பழைய சாகா கார் ஓட்ட ஆளில்லாமல் தூசி படிந்து கிடந்தது. சரி, நானே கற்றுக்கொள்கிறேன் என்று கிளம்பினேன்.

நான் கோலாலம்பூரில், செந்தூலில் இருக்கிறேன். தமிழ்ப்பள்ளிக் கேண்டீனில் சமையல் வேலை. விடியற்காலை நாலரைக்கு அடுப்பைப் பற்ற வைத்தால்தான் ஓய்வு மணி அடிக்கும்போது பிள்ளைகளுக்கு மீகூன் தயாராக இருக்கும். எனக்கென்று கிடைப்பது ஞாயிறு ஒன்றுதான். கே.பி.பி.01 என்கிற ஆறு மணி நேர வகுப்புக்கு அந்த ஞாயிறைத்தான் கொடுத்தேன். நான் சேர்ந்த மோட்டார் பள்ளியில் அந்த வகுப்பை மண்டபத்தில் ஒரே நாளில் உட்கார்ந்து முடிக்க வேண்டும். சுற்றிலும் 17 வயதுப் பிள்ளைகள். பாடம் முழுவதும் மலாயில், வேகமாக. பாசாரில் நான் பேசுகிற மலாய் வேறு, 'மாசா திண்டாக் பாலாஸ்' என்கிற புத்தக மலாய் வேறு. அந்தச் சொல், ஆபத்தைக் கண்ட நொடிக்கும் கால் பிரேக்குக்குப் போகும் நொடிக்கும் இடையே உள்ள நேரம் என்று பிறகுதான் புரிந்தது. மதியத்துக்கு மேல் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரும்பாடாகிவிட்டது. திரும்பக் கேட்கலாம் என்றால், அத்தனை பேர் நடுவில் எழுந்து கேட்க வாய் வரவில்லை.

கணினித் தேர்வில் 50 கேள்விகள், 42 சரியாக இருக்க வேண்டும். எனக்கு வந்தது 38.

அன்று இரவு அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் படிக்கும் என் அக்காள் மகனிடம் சொல்லி அழுதேன். அவன் அங்கே லைசென்ஸ் எடுத்த கதையைச் சொன்னான். 18 முதல் 24 வயது வரை உள்ளவர்கள் முதல் லைசென்ஸ் எடுக்க அங்கேயும் ஆறு மணி நேரப் பாடம் கட்டாயமாம். ஆனால் அதை இணையத்திலேயே படிக்கலாம். அவன் ராத்திரி ஒரு மணி நேரம், மறுநாள் அரை மணி நேரம் என்று பிரித்துப் பிரித்துப் படித்திருக்கிறான். குறிப்பிட்ட நேரம் ஆகாமல் அடுத்த பக்கம் போகாது, நடுநடுவே கேள்வி வரும். எழுத்துத் தேர்வும் அந்தப் பாடத்தின் கடைசியிலேயே முடிந்துவிடும். அப்புறம், ஓட்டும் சோதனைக்குப் போகுமுன் கவனச்சிதறலால் வரும் விபத்துகளைப் பற்றி ஒரு மணி நேர இலவசக் காணொளியும் பார்த்தாக வேண்டும்.

"சித்தி, புரியாததை நாலு தடவை பார்த்தேன், யாரும் கேட்கவில்லை" என்றான். அந்த ஒரு வார்த்தை மனதில் தைத்துவிட்டது.

பக்கத்தில் இருந்து இதைக் கேட்ட என் மகள், மறுநாளே பாடப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு பகுதியாகத் தமிழில் சொல்லி, ஐந்து ஐந்து நிமிடக் குரல்பதிவாக வாட்சாப்பில் அனுப்பத் தொடங்கினாள். முன்னால் போகும் காடிக்கும் (காருக்கும்) நமக்கும் இரண்டு வினாடி இடைவெளி, மழை என்றால் நான்கு. ரவுண்டபௌட்டில் வலப்பக்கம் வருகிறவருக்கு வழி விடு. மஞ்சள் கோடு போட்ட கட்டத்துக்குள், வெளியே போக இடம் இருந்தால்தான் நுழை. கேண்டீனில் வெங்காயம் நறுக்கும்போது ஒரு காதில் அதைக் கேட்டேன். டயாலிசிஸ் மையத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோதும் கேட்டேன். இரண்டாவது முறை 45 எடுத்தேன்.

என்னைப் போல் வேலையும் குடும்பமும் உள்ள பெரியவர்களுக்கு அந்த ஆறு மணி நேரப் பாடத்தை இணையத்தில், தமிழ் ஒலியோடு, பகுதி பகுதியாகப் படிக்கும் வசதி எல்லா மோட்டார் பள்ளிகள் வழியாகவும் கிடைக்க வேண்டும். சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கு என் கோரிக்கை இதுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டெக்சசில் 18 வயதைத் தாண்டியவர்களுக்கு, ஆசிரியரோடு உட்கார்ந்து ஓட்டிப் பழகுவது கட்டாயம் இல்லையாம். அவன் ஒரு நண்பனோடு காலி கார்பார்க்கில் பழகியிருக்கிறான். அது மட்டும் நமக்கு வேண்டாம். மேட்டில் காடியை நிறுத்தி எடுக்கும் பயிற்சியில் நான் எத்தனையோ தடவை பின்னால் உருண்டேன். பக்கத்தில் இருந்த சிக்கு (பயிற்சி ஆசிரியர்), ஒரு மலாய்க்கார அம்மா, கோபப்படவே இல்லை. "மீட்டரைப் பார்க்காதே, இடது காலைக் கவனி" என்றார். கிளட்சை மெல்ல மெல்ல விட்டேன். ஓர் இடத்தில் காடி லேசாக நடுங்கியது, முன்பக்கம் கொஞ்சம் தூக்கியது. "இப்போது ஹேண்ட்பிரேக்கை இறக்கு" என்றார். இறக்கினேன், உருளவில்லை. அந்த நடுக்கத்தை எந்தக் காணொளியும் என் பாதத்துக்குச் சொல்லித் தந்திருக்காது. அதனால் பாடம் வீட்டுக்கு வரட்டும், ஓட்டும் பயிற்சியில் மட்டும் ஒரு மணி நேரம்கூடக் குறையக் கூடாது.

இப்போது சனிக்கிழமைகளில் ஜாலான் ஈப்போ வழியாக நான்தான் ஓட்டுகிறேன். அவர் இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். மகளின் குரல்பதிவுகள், மொத்தம் 31, இன்னும் என் கைப்பேசியில் இருக்கின்றன. கோயிலில் பழக்கமான மூன்று பெண்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மூவருமே நாற்பதைத் தாண்டியவர்கள். ஒருவருக்கு அடுத்த புதன்கிழமை கணினித் தேர்வு.

இப்படிக்கு,
செந்தூல் வாசகி,
கோலாலம்பூர்